கடலைக்காரரின் தொண்டை

விடியற்காலையில் எங்கள் தோட்டத்துப் பொதுக் குழாயடியில் முதலில் கேட்கும் சத்தம் அவர் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதுதான். அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரைத் தொண்டையில் நிறுத்தி வைத்து, உலைப் பானை கொதிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்புவார். துப்பிவிட்டு அடுத்த வாய். வாளிகளோடு வரிசையில் நிற்கும் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"ஆர் முகத்திலயும் முழிக்கலாம். இந்த மனுசன்ர தொண்டையிலதான் நாங்கள் ஒவ்வொரு நாளும் முழிக்க வேண்டிக் கிடக்கு" என்பா என் அம்மா.

அது அவர் காதில் விழும். தலையை ஒருமுறை ஆட்டுவார்.

கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடிகள் இருக்கும் இடம் அல்ல. ஒரு ஒழுங்கைக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகள், எல்லோருக்கும் ஒரு குழாய். கொட்டாஞ்சேனையில் அப்படியொரு தோட்டத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். சண்டை காரணமாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். நான் ஒரு தையல் கடையில் வேலை செய்தேன். அவர் எங்களுக்கு எதிர் அறை. மலைநாட்டுக்காரர், தனி ஆள், ஐம்பதைத் தாண்டியிருக்கும். தள்ளுவண்டியில் கடலை விற்றார். தோட்டம் முழுக்க அவரைக் கடலைக்காரர் என்றுதான் சொல்லும். நான் ஐயா என்பேன். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரோ தெரியாது, ஏனென்றால் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

கூவி விற்கிற ஒருவர் வீட்டில் இப்படி ஊமைபோல இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. உப்பு வேண்டுமென்றால் விரலை நக்கிக் காட்டுவார். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் கையை விரிப்பார். கொழும்பு வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர். யாராவது ஐஸ் போட்ட சர்பத் நீட்டினால், பாம்பைக் கண்டவர்போல இரண்டு அடி பின்னால் போவார். தயிர் தொடமாட்டார். வாழைப்பழம் இல்லை. மீன் பொரித்தால் வாசலை விட்டு எழும்பித் தெருவுக்குப் போய்விடுவார், புகை தொண்டைக்குள் போய்விடும் என்று. பொழுதுபட்டு வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகக் கொத்தமல்லியையும் வேர்க்கொம்பு என்கிற சுக்கையும் தட்டிப் போட்டு அவிப்பார். அந்த வாசம் எங்கள் அறைக்குள் வரும்போது மணி பார்க்கத் தேவையில்லை.

"கடலைக்காரர், எங்க கச்சேரி இண்டைக்கு?" என்று கேலி செய்வார்கள்.

"ரேடியோவில பாடக் கூப்பிட்டிருக்காங்களாம். அதுதான் தொண்டையக் காய்ச்சுறார்."

அதற்கும் சிரிப்பு மட்டும்தான்.

அவருடைய குரலை நான் முதலில் கேட்டது தெருவில். தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் செக் பொயின்ற், பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் நீளமாகப் போகும் ஒரு மதில், மேலே முட்கம்பி. அந்த இடத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் கொழும்பிலிருந்த தமிழருக்கு அப்படி ஒரு மதிலாவது தெரிந்திருக்கும். மதிலுக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கடலே... கடலே... உணு உணு கடலே..."

சுடச்சுடக் கடலை என்று சிங்களத்தில். கொழும்பில் எல்லாக் கடலைக்காரரும் அப்படித்தான் கூவுவார்கள். ஆனால் கடைசிக் 'கடலே'யை இவர் விடுவதாயில்லை. அது ஏறி, வளைந்து, இழுபட்டு, மதிலுக்கு மேலால் போய் அந்தப் பக்கம் விழுந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலிருந்த பெண் மடியிலிருந்த பிள்ளையின் காதைப் பொத்தினாள். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் எதிர் அறை ஊமையர்தான். அவருக்கு முன்னால் வாங்குவதற்கு ஒரு ஆளும் இல்லை. அவர் தெருவைப் பார்க்கவும் இல்லை. மதிலைப் பார்த்துத்தான் கூவிக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை. அன்று இரவே அவர் வாசலில் போய் நின்றா.

"என்ன, சனமில்லாத இடத்தில நிண்டு ஆருக்குக் கடலை விக்கிறியள்?"

அவர் அடுப்பிலிருந்த கொத்தமல்லித் தண்ணீரை இறக்கி வைத்தார். பிறகு அவர் பேசியதுதான் நான் கேட்டவரையில் அவர் பேசிய நீண்ட பேச்சு. அதையும் மெல்லிய குரலில், செலவழிக்க மனமில்லாதவர்போலச் சொன்னார்.

"என் மகன் அங்க உள்ளுக்கு இருக்கான் அக்கா. வெள்ளவத்தையில சாப்பாட்டுக் கடையில வேல பாத்தான். ரவுண்டப்புல புடிச்சிட்டாங்க. எங்களுக்கு ஐடென்டி கார்ட் கெடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவங்க, பொறந்த துண்டு மட்டும்தான் இருக்கு. நான் வாசல்ல போய்க் கேட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லன்னாங்க. திரும்பியும் கேட்டேன். ஒன் ஐடென்டி எங்கன்னு கேட்டாங்க. என்னையும் உள்ள தள்ளிட்டா அவனுக்கு வெளிய யாரு இருக்கா?"

"இல்லையெண்டு சொல்லுறாங்கள். பிறகு இருக்கிறானெண்டு எப்பிடித் தெரியும்?"

"வெளிய வந்த பையன் ஒருத்தன் பாத்திருக்கான், வேன்ல இருந்து எறங்குறத. பேர் சொல்லிக் கூப்பிட்டா அங்க நிக்க விடுவாங்களா? கடலைக்காரன் கூவுனா யாரு கேக்கப் போறா? பதுளை ரயில்ல நான் கடல வித்த காலத்துல, அவன் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, எந்தப் பெட்டியில நான் வாறேன்னு சத்தத்த வச்சே சொல்லிருவான். என் குரல் அவனுக்குத் தெரியும். அப்பா வெளிய உயிரோட இருக்கேன், போகல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் என்னால முடியாது." மஃப்ளரை இறுக்கினார். "தொண்ட போச்சுன்னா, நான் செத்துட்டேன்னு நெனைச்சிருவான்."

அம்மா திரும்பி நடந்தா. எங்கள் அறைக்கு வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, ஓலைக் குட்டானில் மிஞ்சியிருந்த பனங்கட்டியை எடுத்தா. பாதை மூடியிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஓலைத் துண்டும் வராது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அதைத் தொடவிடாத அம்மா, ஒரு மூலையை உடைத்து அவர் கோப்பைக்குள் போட்டா.

"எங்க பக்கம் கித்துள் கருப்பட்டிதான் அக்கா" என்றார் அவர், மறுப்பதுபோல.

"கித்துள் இனிப்புக்கு. தொண்டைக்கு இதுதான். வாயை மூடிக்கொண்டு குடியுங்கோ."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக் குடிக்கிறது?"

அவர் பகிடி விட்டதை அன்றுதான் கேட்டோம்.

அதற்குப் பிறகு அந்தத் தொண்டை எங்களுடைய கவலையும் ஆனது. குழாயடியில் அவர் கொப்பளிக்கும்போது அம்மா மற்றப் பெண்களை முறைப்பா. அவர் எங்களுக்கு மட்டும் இரண்டொரு சொல் செலவழிப்பார். மதிலடியில் காவலுக்கு நிற்கிறவர்களுக்கு அவருடைய கடலை பிடிக்குமாம், அதனால் துரத்துவதில்லையாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசினால் சத்தம் உள்ளே போகும், லொறிகள் எந்த நேரத்தில் குறையும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே கேட்கிறதா என்பது மட்டும் தெரியாது. ஒருநாளும் ஒரு பதில் வந்ததில்லை. விசில் இல்லை, கைதட்டல் இல்லை. "கேக்கும்" என்பார். கொஞ்சம் கழித்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, "கேக்கும் தானேக்கா?" என்பார்.

மழைக்காலம் தொடங்கியது. மழைச் சத்தத்துக்கு மேலால் கூவ வேண்டியிருந்தது. ஒரு பின்னேரம் அவருடைய பேச்சில் ஒரு கரகரப்பு வந்தது. சளி என்றார். நனைந்தவருக்குச் சளி பிடிப்பது புதினமில்லை, நாங்களும் நம்பினோம். கொழும்பில் எல்லாத் தொண்டைக்கும் ஒரே மருந்துதான். கொத்தமல்லியில் வேர்க்கொம்பைக் கூட்டினார். மிளகு சேர்த்தார். கராம்பை வாயில் அடக்கிக்கொண்டு படுத்தார். கரகரப்புக் கூடக்கூட, தோட்டத்தில் முன்பு கேலி செய்தவர்களெல்லாம் ஆளுக்கொரு மருந்தோடு வந்தார்கள். ஒருவர் சித்தரத்தை. பின் அறை முஸ்லிம் தாத்தா தேனில் குழைத்த கருஞ்சீரகம். யாரையும் அவர் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினார். பயந்துபோன மனிதனுக்கு எந்தக் கோப்பையைத் தள்ளுவதென்று தெரியாது.

ஒரு காலை குழாயடியில் கொப்பளிக்கும் சத்தம் கேட்கவில்லை.

அம்மா ஓடினா. அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்மா என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லி, அவர் வாயைத் திறந்து பார்த்தா.

"சளி எங்க கிடக்கு இதில? செக்கச்செவேலெண்டு எரிஞ்சு கிடக்கு. கத்திக் கத்திப் புண்ணான தொண்டை உங்கட தொண்டை! இது சூட்டுத் தொண்டை. புண்ணுக்கு மேல மிளகும் வேர்க்கொம்பும் கொட்டினா என்ன செய்யும்? கேட்டுட்டுக் குடிச்சிருக்கலாமே..."

அம்மாவுக்குக் கோபம் அவரில் இல்லை. அந்தக் கோப்பைகள் எல்லாம் எங்கள் கண்முன்னால்தான் போயின.

டிஸ்பென்சரி டொக்டரும் அதையேதான் சொன்னார், வேறு சொற்களில். உள்ளே வீங்கியிருக்கிறது, உறைப்பு எதுவும் கூடாது, கதைக்கவே கூடாது, குசுகுசுப்பதும் கூடாது. அம்மா அதிமதுரம் வாங்கி ஊறவைத்தா. அரிசியைக் குழைய அவித்துத் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, ஆறிய பாலில் ஒரு சொட்டு நெய். எல்லாம் குளிர்ச்சி, எல்லாம் மெதுவாக வேலை செய்கிறவை. மெதுவாக என்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மதிலடிக்குப் போனார். கூவ முடியாமல் கரண்டியால் கடலை வறுக்கும் தாச்சியில் தட்டினார். பக்கத்துக் கொத்துரொட்டிக் கடையிலும் அதேபோலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் ஒருவர் வந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, "மொக்கத உனே?" என்ன நடந்தது என்று கேட்டாராம். மதிலின் இந்தப் பக்கத்தில் நின்றவனுக்கே அவர் கூவாதது தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பக்கத்தில் இருப்பவன்? இதையெல்லாம் அவர் கையாலும் முகத்தாலும்தான் எங்களுக்குச் சொன்னார். சொல்லி முடித்து, இரண்டு கண்களையும் மூடி, கைகளை நெஞ்சில் கட்டிக் காட்டினார். செத்தவனைக் கிடத்துவதுபோல.

அம்மா வைத்த கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. அடுத்த நாளும் அவர் தொடவில்லை. பாயில் சுவரைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தபோது விளங்கியது. கூவிக்கொண்டிருந்தார்.

"நான் வந்து கூவட்டோ ஐயா?"

சொன்னது நானா என்று அம்மா திரும்பிப் பார்த்தா. பார்க்காமல் என்ன செய்வா. பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், நடந்து திரும்பி வருகிறவள் நான். தையல் கடையில் நூல் முடிந்தால்கூடக் கேட்காமல் காத்திருப்பேன்.

"நீ கூவினா உனக்கே கேக்காது" என்றா அம்மா. ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. என்னுடைய அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்து, இரண்டுமுறை திறந்து பார்த்தா.

மதிலடியில் போய் நின்றபோது என் தொண்டையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அவர் கையை மேலே மேலே என்று தூக்கிக் காட்டினார். 'கடலே' என்றேன். வண்டிக்குக் கீழே படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அவர் தாச்சியில் தட்டினார், இரண்டு தட்டும் ஒரு இழுப்பும். அவருடைய கூவலின் தாளம் அதில் இருந்தது. அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூவினேன். காவல்காரர் தெருவைக் கடந்து வந்தார். நான் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினேன்.

"பய வெண்ட எப்பா, நங்கி" என்றார், பயப்படாதே தங்கச்சி என்று. கடலை வாங்கிக்கொண்டு போனார்.

ஐயா தட்ட, நான் கூவ, லொறிகள் குறையும் நேரம்வரை நின்றோம். கடைசிக் 'கடலே'யை அவரைப்போல இழுக்க எனக்கு வரவில்லை. பாதியில் உடைந்துவிடும். ஒவ்வொருமுறை உடையும்போதும் அவர் மதிலைப் பார்ப்பார், மன்னிப்புக் கேட்பவர்போல. அவர் தொண்டை ஆறும்வரை, வேலை முடிந்த பின்னேரங்களில் அப்படிப் போனேன். வீட்டுக்கு வந்தால் அம்மா இரண்டு கோப்பை வைத்திருப்பா. அவருக்கு அதிமதுரம். எனக்குப் பனங்கட்டி போட்ட கொத்தமல்லி.

மழை விட்ட கையோடு அவருடைய குரல் திரும்பி வந்தது. முழுதாக அல்ல. நடுவில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஆனாலும் குழாயடியில் மறுபடி அந்தச் சத்தம் கேட்ட காலையில், வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.

மழை விட்டு வெயில் கொளுத்திய நாட்களில் ஒரு பொடியன், கொத்துரொட்டிக் கடையில் வழி கேட்டு, தோட்டத்துக்குள் வந்து கடலைக்காரரை விசாரித்தான். அன்றுதான் அவனை விட்டிருந்தார்கள். மதிலுக்கு உள்ளே இருந்தவன். மட்டக்களப்புப் பக்கம். அவனை எங்கள் அறையில் இருத்தி அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்குக் கேக்கும் ஐயா. பின்னேரமானா எல்லாரும் பேச்ச நிப்பாட்டிருவம். உங்கட மகன் காதக் குடுத்துக் கேட்டுட்டு, டொக்டர் மாதிரிச் சொல்லுவான். இன்னைக்கு அப்பாவுக்குச் சளி, கொத்தமல்லி குடிக்கல்ல. இன்னைக்கு மிளகக் கூடப் போட்டுட்டாரு, தொண்ட எரியிது. இப்படி."

அவர் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை கூவினது. நாங்க எல்லாரும் சிரிச்சம். அவன் மட்டும், தட்டுறது அப்பாதான், அவருக்கு ஒண்டுமில்லை எண்டான். இந்தத் தொண்டைக்கு மருந்து வேணாம், வெக்கத்துக்குத்தான் மருந்து குடுக்கணுமெண்டு..." அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்புப் பாதியில் நின்றது. "மழை முடியிறதுக்குள்ள ஒருநாள் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டாங்க. சாமானையும் எடுக்கச் சொன்னாங்க. அவனையும் ஏத்திட்டுப் போனாங்க. எங்கயெண்டு சொல்லல்ல. தெற்குப் பக்கமெண்டு ஒரு கதை. அதுக்குப் பிறகும் நீங்க கூவினதக் கேட்டுட்டுத்தான் இருந்தம்."

மழை விட்டு எவ்வளவோ காலம். குரல் திரும்பியதிலிருந்து அவர் கூவியதெல்லாம் மகன் இல்லாத மதிலுக்கு. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அவர் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார், அந்தக் கீறல் விழுந்த குரலில்.

"நான் கூவாத நாள்ல அவன் சாப்பிட்டானா தம்பி?"

பொடியன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியைப் பின் அறைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, ஒரு கூடையில் கடலையும் ஒரு பையில் சாரமும் சட்டையுமாக அவர் வெளிக்கிட்டார். "தெக்கால நெறைய எடத்துல மதில் இருக்காம் அக்கா" என்றார், சந்தைக்குப் போகிறவர்போல. ஐடென்டி இல்லாமல் அத்தனை செக் பொயின்றையும் எப்படித் தாண்டுவீர்கள் என்று அம்மா கேட்டா. கூடையைத் தட்டிக் காட்டினார். குட்டானில் இருந்த கடைசிப் பனங்கட்டியை அம்மா பேப்பரில் சுற்றிக் கொடுத்தா. அவர் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா கத்தினா. அதிமதுரக் கட்டு அவருடைய ஜன்னலிலேயே கிடந்தது.

"ஓடு! சூடு இன்னும் முழுசா ஆறேல்ல. மிளகு போடவேண்டாமெண்டு சொல்லு!"

ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய வீதிக்கு ஓடினேன். அவர் வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டிருந்தார். "ஐயா" என்றேன். வழக்கமான என் குரலுக்கு ஒருவரும் திரும்பவில்லை. "ஐயா" என்று இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். யாரோ இரண்டு கிழவர்கள் திரும்பினார்கள். பஸ் வந்துகொண்டிருந்தது. வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? இத்தனை நாள் எதிர் அறையில் இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

"கடலே... கடலே... உணு உணு கடலே..."

வீதி முழுக்கத் திரும்பியது. செக் பொயின்றில் நின்ற ஆமிக்காரர்களும் திரும்பினார்கள். அன்று அந்தக் கடைசிக் 'கடலே' உடையவில்லை. அவர் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். நான் அதிமதுரக் கட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரு கையால் தன் தொண்டையைத் தொட்டு, பிறகு என்னைச் சுட்டிக் காட்டி, மற்றக் கையைக் கோப்பைபோல வாய்க்குச் சரித்தார். போய்க் கொத்தமல்லி குடி என்று.

பஸ் நகர்ந்தது.